பி வாசல் வழியாக வெளியே வரவும்

2024 செப்டம்பர் 6, வெள்ளிக்கிழமை. காலை ஐந்து இருபதுக்கு எழுந்தேன். கொல்லையில் மழையளக்க வைத்திருக்கும் குடுவையில் ஒரு சொட்டும் இல்லை. பால் சேர்க்காத கோப்பி ஓ ஒரு குவளை, ரொட்டி இரண்டு துண்டு. ஆறு மணிக்குச் சப்பாத்து போட்டேன். மறுநாள் பத்து மணிக்கு மகளுக்குத் திருமணம். அதனால் வீட்டில் எந்த வேலையையும் என்னிடம் கொடுக்கக்கூடாது என்று பெண்கள் எல்லோரும் கூடி முடிவெடுத்திருந்தார்கள். ஆகவே வழக்கம்போல் அரைநாள் வேலைக்குப் புறப்பட்டேன்.

செம்பனை ஆலையில் லோரிகளை நிறுக்கும் மேடையில் எனக்கு வேலை. பழக்குலை ஏற்றிய லோரி உள்ளே வரும்போது ஒரு நிறை, காலியாக வெளியே போகும்போது ஒரு நிறை. இரண்டையும் எழுதிக் கழித்தால் பழத்தின் நிறை. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை என்பதால் இந்த வேலை எனக்குப் பிடிக்கும். ஆலையின் வேன் ஆறரைக்கு ரயில் நிலையத்தின் தோட்டப் பக்கம் வந்து நிற்கும். என் வீடு கடைத்தெருப் பக்கம். நடுவில் தண்டவாளம். நிலையத்தின் மேம்பாலத்தில் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். பதினோரு ஆண்டுகளாக ஏறி இறங்குகிறேன்.

நிலையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. கோலா குபு பாருவுக்குத் தெற்கே, காரில் இருபத்தைந்து நிமிடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயருக்கு ஏற்கெனவே பட்டது போதும். சென்ற ஆண்டு நிலையத்துக்குப் புதிய அடையாளம் தரப் போவதாகப் பதாகை கட்டினார்கள். கூரை மூன்று இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. அது அடையாளத்தில் சேராது போலும். ஒழுகும் கூரைக்கு அடியிலிருந்த பெஞ்சுகளுக்குப் புதுச் சாயம் அடித்தார்கள். பெயருக்குப் பின்னால் ‘சென்ட்ரல்’ என்று சேர்த்தார்கள். எதற்கு நடுவில் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கோழிக்கடை, மறுபக்கம் செம்பனை, நடுவில் நிலையம். ஒரு கணக்கில் சரிதான்.

சுவரில் பெரிய வரைபடம் ஒன்றை மாட்டினார்கள். ‘நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்’ என்ற சிவப்புப் புள்ளி வடக்கே இருக்கும் ராசா நிலையத்தில் இருந்தது. வேறொரு நிலையத்துக்குச் செய்த வரைபடமாக இருக்க வேண்டும். இரண்டு வாரம் நாங்கள் எல்லோரும் காலையில் ராசாவில் நின்றுகொண்டிருந்தோம். கழிப்பறைக்கு வழிகாட்டும் அம்புக்குறி வெறும் சுவரைக் காட்டியது. சிலர் அந்த அம்பை நம்பினார்கள் என்பதற்குச் சுவரில் ஆதாரம் உண்டு.

இதையெல்லாம் மன்னிக்கலாம். வாசல்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. முன்பு வாசல்களுக்குப் பெயர் கிடையாது. புதிய அடையாளத்தில் ஏ, பி என்று எழுத்து கொடுத்தார்கள். சுவர் வரைபடத்தில் கடைத்தெருப் பக்கம் ஏ, தோட்டப் பக்கம் பி. ஆனால் படிக்கட்டுக்கு மேலே பலகை மாட்டியவர்கள் கடைத்தெருப் பக்கம் பி-யையும் தோட்டப் பக்கம் ஏ-யையும் மாட்டிவிட்டுப் போனார்கள்.

உள்ளூர்க்காரர் ஒருவரும் இதைக் கவனிக்கவில்லை. அவர்கள் பலகையைப் பார்ப்பதே இல்லை. கோழி வாசனை வந்தால் ஊர், வராவிட்டால் தோட்டம். படிக்கத் தெரிந்த வெளியூர்க்காரர்கள்தான் அகப்பட்டார்கள். ஒருமுறை ஒரு மருந்து விற்பனைப் பிரதிநிதி, கழுத்துப்பட்டையோடு, செம்பனை மரங்களுக்கு நடுவே கிளினிக்கைத் தேடிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். வேனில் ஏற்றிக்கொண்டு போய் விடலாம் என்றால் அவர் நம்பவில்லை. கையிலிருந்த காகிதத்தைக் காட்டி, ஏ வாசலில் இறங்கினால் இரண்டு நிமிட நடை என்றார்.

அன்று மாலை முதல் கடிதத்தை எழுதினேன். மலாயில் எழுதி, படத்தோடு, தேதியோடு அனுப்பினேன். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது, ஒரு குறிப்பு எண்ணோடு. இரண்டாவது கடிதத்துக்கு இரண்டாவது குறிப்பு எண் வந்தது. ஒன்பதாவது கடிதத்துக்கு, எங்கள் பதில் உங்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சி அளித்தது என்று கேட்டு ஐந்து முகங்கள் வந்தன. பதினோராவதுக்குத்தான் ஒரு மனிதர் எழுதிய பதில் வந்தது. வரைபடத்தைச் சரிபார்த்துவிட்டார்களாம். வரைபடத்தில் ஏ வாசல் கடைத்தெருப் பக்கம்தான் இருக்கிறது. ஆகவே நிலையத்தில் தவறு இருக்க வாய்ப்பில்லை.

பதினான்காவது கடிதத்தை மே மாதம் அனுப்பினேன். பதிலே இல்லை. ஜூன் மாதம் திருமண அழைப்பிதழ் அச்சடிக்க வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்துத் திருமண அழைப்பிதழில் பின்புறம் வரைபடம் இருக்கும். வழி சொல்லாத அழைப்பிதழை யாரும் அழைப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மற்றவர்கள் அதில் கோடு கிழித்து, கோயில், சந்திப்பு, பெட்ரோல் கடை என்று எழுதி முடித்துவிடுவார்கள். நான் அளவுகோல் போட்டு, வடக்கு எது என்று குறித்து, மூன்று மாலைப் பொழுது உட்கார்ந்து வரைந்தேன். தேவாலயம் கடைத்தெருப் பக்கம், நிலையத்திலிருந்து நானூற்றுப் பத்து மீட்டர். ரயிலில் வருபவர்கள் எந்த வாசலில் இறங்குவது என்று எழுத வேண்டிய இடம் வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சரியான எழுத்து ஏ. ஆனால் அங்கே தொங்குவது பி.

“கோழிக்கடப் பக்கம்னு போடுங்க. எல்லாருக்கும் தெரியும்,” என்றாள் மனைவி.

“கல்யாணக் கார்டுல கோழியா?”

“கோழி இல்லாம கல்யாணமா? விருந்துல அதத்தான போடுறீங்க.”

தொங்குவதையே எழுதினேன். ‘பி வாசல் வழியாக வெளியே வரவும்.’ உண்மைக்கும் பலகைக்கும் சண்டை வந்தால் விருந்தினர் பலகையைத்தான் படிப்பார்கள் என்பது என் வாதம். நானூறு அட்டை அடித்தோம். மாப்பிள்ளை வீட்டார் கோலா சிலாங்கூரிலிருந்து தனிப் பேருந்தில் வருவதால் அவர்களுக்கு நிலையத்தோடு தொடர்பில்லை. ரவாங், கோலாலம்பூர் உறவுகள் ரயிலில் வருவார்கள். இன்னொருவரும் ரயிலில் வருவார். என் அண்ணன்.

அண்ணனைப் பற்றி எழுத ஏழு ஆண்டு பின்னால் போக வேண்டும். இப்போது இருக்கும் வீட்டைக் கட்டி, பங்குச் சாமியாரை அழைத்து ஆசீர்வாதம் செய்த நாள். முன் வாசலில் பெயர்ப்பட்டியலோடு நான் நின்றேன். வருகிறவர்களை ‘வாங்க’ என்று சொல்லி உள்ளே அனுப்பிவிட்டுப் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவேன். எங்கள் ஜனங்களுக்குச் சாப்பாடு ஒரு பொருட்டில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாசலில் வீட்டுக்காரன் வாயால் ‘வாங்க’ கேட்காமல் சாப்பிட உட்கார்ந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அன்று சாலையில் இடநெருக்கடி வரும் என்று நினைத்து, முதல் நாளே ஒரு அட்டைப் பலகை எழுதி மாட்டியிருந்தேன். மோட்டார் சைக்கிள்கள் பின்சந்தில் நிறுத்தவும் என்று எழுதி, அழகான அம்புக்குறி ஒன்றும் போட்டிருந்தேன்.

அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்தார். அவர் நில அளவை அலுவலகத்தில் படம் வரைபவராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்புக்குறி போட்டிருந்தால் அதன்படி போகிறவர். போனார். பின்சந்தில் சமையல்காரர்கள் அண்டா வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றவரைத் தலைமைச் சமையல்காரர் திரும்பிப் பார்த்து, “அண்ணே, அந்தப் பானைய கொஞ்சம் இப்டி நகத்துங்க,” என்றிருக்கிறார். அண்ணன் நகர்த்தியிருக்கிறார். கொண்டுவந்த பரிசுப் பெட்டியைச் சமையலறை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார். என் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே கோடு விழவில்லை என்பதை மூன்று மணிக்குத்தான் கண்டுபிடித்தேன்.

பிறகு என் மகளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாராம். “வாசல்ல ஒரு வாங்க இல்ல, பானை தூக்கத்தான் கூப்ட்டானா ஒங்கப்பன்?”

ஏழு ஆண்டு அவர் என் வீட்டுக்கு வரவில்லை. நானும் கோலா குபு பாருவில் அவர் வீட்டுக்குப் போகவில்லை. பலகையில் தெளிவாக எழுதியிருந்தேனே என்ற எண்ணம் எனக்கு. அவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஞானஸ்நானத்தில் என் மகளுக்கு ஞானத்தகப்பன். அவள் மட்டும் மாதம் ஒருமுறை போய் வருவாள். திருமணப் பதிவேட்டில் அவள் பக்கத்துச் சாட்சியாகப் பெரியப்பாதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அவர் சம்மதித்து எழுதிய கடிதம் ஆகஸ்டில் வந்தது. எழுத்து, அச்சடித்ததுபோல. ‘9.12 வண்டியில் வருகிறேன். பி வாசல். வண்டி அனுப்ப வேண்டாம்.’

மகள் என்னை உட்கார வைத்துச் சொன்னாள். “ப்பா, பெரியப்பா வராரு. ஒம்பது பன்னெண்டுக்கு நீங்க அந்த வாசல்ல நிக்கணும். வாங்கன்னு சொல்லணும். அவ்ளோதான். வேற ஒண்ணும் பண்ணாதீங்க. யாரும் நிக்கலன்னா அவரு அடுத்த வண்டியில ஏறிப் போய்டுவாரு. ஒங்களுக்கே தெரியும்.”

எனக்குத் தெரியும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் போய்விடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஆறு எட்டுக்கு நிலையத்துக்குள் நுழைந்தபோது படிக்கட்டின் கீழே ஏணி நின்றது. மஞ்சள் சட்டை போட்ட இருவர் பி பலகையைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார்கள். சுவரில் ஏ பலகை சாய்ந்திருந்தது. ஏணியைப் பிடித்திருந்தவர் தமிழர், நாற்பது வயது இருக்கலாம்.

“என்ன செய்றீங்க?” என்றேன்.

“போர்டு மாத்துறோம் அங்கிள். தப்பா மாட்டிருக்காம்.”

“யார் சொன்னது?”

“எவனோ கம்ப்ளேன் பண்ணிருக்கான். ஒண்ணு ரெண்டு இல்ல, பதினாலு லெட்டர். படம் வேற வரைஞ்சு அனுப்பிருக்கான். வேல வெட்டி இல்லாத ஆளு போலருக்கு.”

ஏணியில் இருந்தவர் மேலேயிருந்து சொன்னார். “ரிட்டையர் ஆன ஆளா இருக்கும்லா. பொண்டாட்டி வீட்ட விட்டு வெரட்டிருப்பா.”

இரண்டையும் நான் மறுக்கவில்லை. திங்கட்கிழமை மாற்றக் கூடாதா என்று கேட்டேன்.

“ஆர்டர்ல இன்னிக்குத் தேதி போட்டிருக்கு அங்கிள். மாட்டிட்டுப் படம் புடிச்சு ஏழு மணிக்குள்ள அனுப்பணும்.”

“பதினாலு மாசம் தப்பா தொங்குச்சு. இன்னும் ரெண்டு நாள் தொங்கினா என்ன?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன அங்கிள், தப்புக்கு சப்போர்ட் பண்றீங்க?”

பதினான்கு கடிதத்திலும் நான் வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்த கேள்வி அதுதான்.

கவுண்டர் பெண்மணி கையில் ஒரு தாளோடு வெளியே வந்தார். அவருக்கு என்னைத் தெரியும். என் கடிதங்களின் நகல் ஒவ்வொன்றையும் அவர் கையில்தான் கொடுத்திருக்கிறேன். மகிழ்ச்சியாக மலாயில் சொன்னார், ஐயா, உங்கள் புகார் தீர்ந்துவிட்டது, திருப்தி என்று இங்கே ஒரு கையெழுத்துப் போட்டால் கோப்பை மூடிவிடலாம் என்று. ஏணிக்காரர்கள் இருவரும் அவசரமாகத் திருகாணிகளைத் தேடத் தொடங்கினார்கள். தாளில் ஐந்து முகங்கள் இருந்தன. நடு முகத்தில் குறி போட்டுக் கையெழுத்திட்டேன். தேதியும் நேரமும் எழுதினேன். பி பலகையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் எனக்கு முன்னே மேம்பாலம் ஏறினார்கள். நான் மறுபக்கம் இறங்கும்போது தோட்டப் பக்கம் பி தொங்கத் தொடங்கியிருந்தது. அதற்கு நேர் எதிரே செம்பனை, கண்ணுக்கு எட்டிய தூரம்.

ஆலையில் அன்று காலை ஒரு லோரியின் காலி நிறை இடத்தில் அதன் முழு நிறையையே எழுதிவிட்டேன். அதாவது, பழமே வரவில்லை. பதினோரு ஆண்டில் முதல் தடவை. லோரிக்காரர் பார்த்துவிட்டு, “அண்ணே, நான் காத்தயா ஏத்திட்டு வந்தேன்?” என்றார்.

பத்து மணி இடைவேளையில் குடும்பத்து வாட்சப் குழுவில் ஓர் அறிவிப்பு எழுதினேன். தெளிவாகத்தான் எழுதினேன். அழைப்பிதழில் பி வாசல் என்று அச்சடிக்கப்பட்டது இன்று காலை ஆறு இருபத்தைந்து முதல் ஏ வாசல் ஆகிவிட்டது, முன்பு ஏ வாசலாக இருந்தது இப்போது பி வாசல், ஆகவே பி என்று படிக்கும் இடத்தில் ஏ என்று கொள்ளவும்.

ஐந்து நிமிடத்தில் குழு நிரம்பிவிட்டது. ரவாங்கிலிருந்து என் தம்பி முறை ஒருவனின் மகள், “பெரியப்பா, சோ நாங்க ஏ-ல எறங்கி பி-க்குப் போகணுமா?” என்று கேட்டாள். அவள் அண்ணன், “ஏ-ன்னு போட்டிருந்தா பி, பி-ன்னு போட்டிருந்தா கேன்சல்,” என்றான். கிள்ளானில் இருக்கும் அத்தை, கல்யாணமே கேன்சலா என்று பதறிக் குரல்பதிவு அனுப்பினார். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். அதற்குள் மனைவி குழுவில் நான்கே சொல் எழுதினாள். “கோழிக்கடைப் பக்கம் எறங்குங்க. அவ்வளவுதான்.”

“ஓ, கோழிக்கடயா,” என்றான் அந்த ரவாங் பையன். “அப்டிச் சொன்னா தெரியாதா லா.” வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்தன. குழு அடங்கிவிட்டது.

குழுவில் அண்ணன் இல்லை. அவருடைய கைத்தொலைபேசி ஞாயிறு பூசை முடிந்து பத்து மணியிலிருந்து பத்தரை வரை மட்டும் உயிரோடு இருக்கும். மற்ற நேரத்தில் அதை அணைத்து மேசை இழுப்பறையில் வைத்துவிடுவார். பேட்டரி தேயும் என்பார். வீடு திரும்பியதும், அவரை அழைக்கும்படி மகளிடம் சொன்னேன். அழைத்தாள். அணைந்திருந்தது. கைக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தவள், விரலை விரித்தபடியே என்னைப் பார்த்தாள்.

“எதுக்குப்பா லெட்டர் போட்டீங்க?” என்றாள்.

“தப்பா இருந்துச்சும்மா.”

“இப்ப?”

“இப்ப சரியா இருக்கு.”

அவள் மறு கையை மருதாணிக்கு நீட்டினாள். மருதாணி வைத்துவிட வந்திருந்த பெண் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

மதியம் வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அண்ணன் அழைப்பிதழை நம்பினால் தோட்டப் பக்கம் இறங்குவார். சின்ன வயதில் நாங்கள் இருவரும் இந்த நிலையத்தில் ரயில் ஏறியவர்கள்தானே என்று பழைய நினைப்பில் வந்தால் கடைத்தெருப் பக்கம் இறங்குவார். ஆனால் தன் நினைப்பை எழுத்துக்கு மேலாக வைக்கிற ஆள் இல்லை அவர். தோட்டப் பக்கம் நான் நின்றால் அவர் ஒருவேளை கடைத்தெருப் பக்கம் இறங்கி யாரும் இல்லை என்று திரும்பிவிடலாம். கடைத்தெருப் பக்கம் நின்றால் அதுவே தலைகீழாக நடக்கலாம். ரயில் மேடையிலேயே நிற்கலாம். ஆனால் மாப்பிள்ளை வீட்டுப் பேருந்து ஒன்பது பதினைந்துக்குத் தேவாலயம் வந்துவிடும். அங்கே அவர்களுக்கு ‘வாங்க’ சொல்ல வேண்டியவனும் நான்தான். வண்டி ஐந்து நிமிடம் தாமதித்தால் தேவாலய வாசலில் மாப்பிள்ளை வீட்டார் நாற்பத்தெட்டுப் பேர் நிற்பார்கள். மச்சானை அனுப்பலாம் என்றால், அண்ணனுக்கு வேண்டியது வேறு ஒருவர் வாயால் வரும் வாங்க இல்லை.

மூன்றரைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். தோட்டப் பக்கத்துப் படிக்கட்டின் கீழே, அவர் கண்ணில் தவறாமல் படும் உயரத்தில், ஒரு தற்காலிகப் பலகை. பதிவேடு வைக்கும் அட்டைப் பெட்டியைப் பிரித்து, கறுப்பு மார்க்கரை எடுத்து, அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன். ‘திருமணத்துக்கு வருபவர்கள் மேம்பாலம் ஏறி மறுபக்கம்’ என்று எழுதி முடித்து, அம்புக்குறியின் முனையை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

மனைவி தேவாலயத்தில் பூ கட்டிவிட்டுக் கூடையோடு உள்ளே வந்தாள். மேசையைப் பார்த்தாள். கூடையைக் கீழே வைக்கவில்லை.

“இன்னொரு போர்டா?”

விளக்கத் தொடங்கினேன். இரண்டு வாசல், மூன்று சாத்தியம், நாற்பத்தெட்டுப் பேர். அவள் பாதியில் கையைக் காட்டினாள்.

“என்னங்க, அந்த ஏ-க்கும் பி-க்கும் பதினாலு லெட்டர் போட்டீங்க. ஏழு வருசத்துல ஒங்க அண்ணனுக்கு ஒண்ணு போட்டீங்களா?”

“கார்டு அனுப்பிச்சேனே.”

“கார்டு எல்லாருக்குந்தான் போச்சு. அச்சுக் கடைக்காரனுக்குக்கூடப் போச்சு.”

“வண்டி அனுப்ப வேணாம்னு எழுதியிருக்காரு.”

“வண்டிதான அனுப்ப வேணாம்னாரு. ஒங்கள வர வேணாம்னா சொன்னாரு?” கூடையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து ஐஸ்பெட்டியில் வைத்துக்கொண்டே சொன்னாள். “இருபத்தஞ்சு நிமிசம். நடந்தா போகப் போறீங்க?”

அட்டையில் ஈரம் காயவில்லை. அம்புக்குறியில் விரல் பட்டுக் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. அதை மடித்து, சுவரில் சாய்த்து வைத்தேன். ஆறரைக்கு மழை தூறி நின்றது. ஏழு மணிக்கு ஜெபம். எட்டரைக்குச் சாப்பாடு. அன்றைய நாட்குறிப்பில் பலகை மாற்றிய நேரம், கையெழுத்திட்டது, லோரி நிறைத் தவறு மூன்றையும் எழுதிவிட்டுப் படுத்தேன்.

செப்டம்பர் 7, சனிக்கிழமை. நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். மழைக்குடுவையைப் பார்க்கவில்லை. கோப்பி குடிக்கவில்லை. முதல் வேலையாகக் காரை எடுத்தேன். கோலா குபு பாருவில் அவர் தெருவுக்குத் திரும்பும் முனையில் ஏழு ஆண்டில் ஒரு பலகை புதிதாக வந்திருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஐந்து நாற்பதுக்கு அவர் வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே விளக்கு எரிந்தது. கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கார் சத்தம் கேட்டுக் கதவு திறந்தது.

அண்ணன் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை எல்லாம் போட்டுத் தயாராக இருந்தார். ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. இரும்புக் கேட்டின் பூட்டைத் திறக்கச் சாவியைத் தேடி, சரியான சாவியைப் போட்டுத் திறந்து, கேட்டை முழுதாகத் தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றார்.

“வா,” என்றார்.

உள்ளே போனேன். மேசையில் எங்கள் அழைப்பிதழ், பின்புறம் மேலே தெரியும்படி வைத்திருந்தது. ‘பி’ என்ற எழுத்தின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில், அதே உயரத்தில், ‘ஏ’.

“நேத்து சாயங்காலம் போய்ப் பாத்துட்டு வந்தேன்,” என்றார். “எந்த வாசல், எத்தன படின்னு பாத்து வச்சிக்கலாம்னுதான். போர்டு மாறிருக்கு. ஒன் கார்டு தப்பு.”

“ஆமாண்ணே.”

“கவுண்டர்ல அந்தம்மாகிட்ட கேட்டேன். எவனோ ஒருத்தன் பதினாலு லெட்டர் போட்டானாம்.” அழைப்பிதழை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “வடக்கு மட்டும் சரியாப் போட்டிருக்க.”

“வாங்கண்ணே,” என்றேன். “போலாம்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து சப்பாத்தை இழுத்து முன்னால் வைத்தார். கயிற்றைக் கட்டிக்கொண்டே நிமிராமல் கேட்டார்.

“பானை ஏதாச்சும் தூக்கணுமா?”

“இல்லண்ணே. கையெழுத்து மட்டுந்தான்.”